ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டேன்

எழுபதுகளின் கடைசியில், குற்றாலத்தில் சீசன் களைகட்டி, தென்காசி வரைக்கும் சாரல் அடித்துக்கொண்டிருந்த ஓர் ஆனி மாதத்தில் நடந்தது இது. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ஆபரேட்டர். ஊர் எது என்று சொல்ல மாட்டேன். இதில் வருகிற யாருடைய பெயரையும் சொல்ல மாட்டேன். ஒரே ஒருமுறை ஓர் ஊர்ப் பெயரை வாய்விட்டுச் சொல்லி நான் பட்டது இந்த ஆயுசுக்குப் போதும்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எக்ஸ்சேஞ்ச் என்றால் என்னவென்று தெரியாது. ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு. ஊரில் உள்ள ஒவ்வொரு போனுக்கும் அதில் ஒரு துளை, துளைக்கு மேலே சின்னதாக ஒரு மூடி. யாராவது கூப்பிட்டால் அந்த மூடி டப்பென்று விழும். நான் வயரைச் செருகி, "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்க வேண்டும். கேட்பேனே தவிர, நம்பர் சொன்னவர் ஒருவரும் கிடையாது. "டாக்டர் வீட்டுக்குக் குடும்மா" என்பார்கள். "டாக்டர் வடகரைக்குப் போயிருக்காவ, மூணு மணிக்கு மேல கூப்பிடுங்க" என்று நானே சொல்லிவிடுவேன். டாக்டர் போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போவார். அரிசி மில்காரர் எங்கே, பஞ்சாயத்து கிளார்க் எங்கே, யார் வீட்டில் யார் ஊருக்குப் போயிருக்கிறார்கள் எல்லாம் எனக்கு அத்துப்படி. சீசன் வந்துவிட்டால் மெட்ராஸிலிருந்து லாட்ஜுக்குக் கூப்பிட்டு, தண்ணீர் விழுகிறதா என்று கேட்பார்கள். லாட்ஜ்காரர் எடுக்காவிட்டால், "மெயின் அருவியில நல்லா விழுது, ஐந்தருவியில கூட்டம் தாங்கலை" என்று நானே சொல்லி வைத்துவிடுவேன். நல்ல பிள்ளை, கேட்காமலேயே உதவி செய்யும் என்று ஊரில் எனக்குப் பெயர். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

வேலையில் சேரும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். லைனில் யார் என்ன பேசிக் கேட்டாலும் வெளியே சொல்ல மாட்டேன் என்று எழுதியிருக்கும். அதில் நான் கெட்டி. யார் வீட்டுச் சண்டையும் என் வாயிலிருந்து வெளியே போனதில்லை.

வெளியூரிலிருந்து வருகிற டிரங்க் கால்கள் ஒவ்வோர் ஊராகக் கைமாறித்தான் எங்களிடம் வரும். மதுரை ஆபரேட்டர் திருநெல்வேலிக்குக் கொடுப்பாள், திருநெல்வேலி தென்காசிக்கு, தென்காசி எனக்கு. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. பெயரும் கிடையாது, ஊர்தான் பெயர். "தென்காசி பேசுதேன்" என்றால் தென்காசி. "மதுரை குடுட்டி" என்றால் மதுரையைக் கொடுப்பாள். அவ்வளவுதான் எங்களுக்குள் இருந்த அடையாளச் சீட்டு. பேசுகிற தோரணை எங்களுடையதாக இருந்தால் அவள் எங்களில் ஒருத்தி.

இப்படி இருக்கும்போது ஒருநாள் தொலைவில் மலைமேல் உள்ள ஓர் ஊரிலிருந்து பி.பி. கால் வந்தது. பி.பி. என்றால், குறிப்பிட்ட ஆள் வந்து பேசினால்தான் கணக்கு. மலையூர் ஆபரேட்டர், கொங்கு நாட்டுப் பக்கத்துப் பேச்சு, என்னிடம் குரலைத் தணித்துச் சொன்னாள். "ஏனுங்க, உங்க ஊர்ல ஒரு அம்மாகிட்ட அவங்க பொண்ணு பேசோணுமாம். வீட்டுக்கு ஆள் அனுப்பீராதீங்க. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கோயிலுக்கு உங்க எக்ஸ்சேஞ்சைத் தாண்டித்தான் போவாங்களாம். கூப்பிட்டு வெச்சிருங்க. எந்த ஊர்னு மட்டும் யாருக்கும் சொல்ல வேண்டாம், அம்மாவுக்கும் வேண்டாம்னு பொண்ணு அழுவுதுங்க."

யாரென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஊருக்கே தெரிந்த கதை. அதற்கு முந்தின வருடம் அந்தப் பெண் வேறு சாதிப் பையனோடு போய்விட்டாள். கண்ட இடத்தில் இரண்டு பேரையும் வெட்டுவேன் என்று அவளுடைய அண்ணன் பஸ் ஸ்டாண்டில் நின்று சத்தம் போட்டதை நானே கேட்டிருக்கிறேன். வெறும் வாய்ச் சத்தம் என்று தள்ளிவிடக்கூடிய ஆள் இல்லை அவர். கடிதம் எழுதினாலும் அவர்தான் பிரிப்பார்.

வெள்ளிக்கிழமை வாசலில் நின்று அந்த அம்மாவைக் கூப்பிட்டேன். பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன். ஐம்பது வயதிருக்கும். முன் அறையில் ஒரு பெஞ்சும், கண்ணாடி வைத்த மரக் கூண்டும் இருக்கும். கூண்டுக்குள் போய் ரிசீவரை எடுத்தவர் வெகுநேரம் ஒன்றுமே பேசவில்லை. அந்தப் பக்கம் அழுகை, இந்தப் பக்கம் மூச்சு. டிரங்க் காலில் மூன்று நிமிஷம் என்பது எத்தனை பெரிய சொத்து. அதில் ஒரு நிமிஷம் இப்படியே போய்விட்டது. பிறகு பெரியம்மா கேட்டார். "சாப்பிட்டியாட்டி?"

லைன் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான் அவர்கள் பேச்சை ஒட்டுக் கேட்டேன் என்று சொல்லலாம். பொய். வேண்டுமென்றேதான் கேட்டேன். என் அம்மா நான் ஒன்பதாவது படிக்கும்போதே இறந்துபோய்விட்டாள். சாப்பிட்டியாட்டி என்று என்னைக் கேட்க வீட்டில் ஆள் கிடையாது. யாரோ யாரையோ கேட்கிற அந்த ஒரு வார்த்தைக்காக அதன்பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பதினோரு மணிக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன்.

வாரா வாரம் கால் வரும். பெரியம்மா ஒரு தடவைகூட எங்கே இருக்கிறாய் என்று மகளைக் கேட்டதில்லை. தெரிந்துவிட்டால் என்றைக்காவது வாய் தவறிவிடும் என்கிற பயம் அவருக்கு. சோறு, தலைமுடி, மழை, இருமல் என்று இவ்வளவுதான் பேச்சு. மூன்று நிமிஷம் முடிந்ததும் நான் எச்சரிக்க வேண்டும். எச்சரிக்க மாட்டேன். மலையூர்க்காரியும் துண்டிக்க மாட்டாள். ஐந்து நிமிஷம் பேசவிட்டு, காலுக்குக் கட்டணக் கணக்கு எழுதும் டிக்கெட்டில் மூன்று என்று எழுதுவாள். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை. தப்புதான், தெரிந்தே செய்தோம். கோயிலிலிருந்து திரும்பும்போது பெரியம்மா சுண்டலை இலையோடு என் மேஜையில் வைத்துவிட்டுப் போவார்.

பெரியம்மா கூண்டுக்குள் நிற்பதை யாரோ பார்த்துப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு திங்கட்கிழமை அந்தப் பெண்ணின் அண்ணன் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, சிரித்த முகம்.

"ஏம்மா, எங்க அம்மைக்கு டிரங்க் கால் எதுவும் வருதா? எங்கனயிருந்து வருதுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு."

"அதெல்லாம் சொல்லக் கூடாது அண்ணாச்சி. கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கோம்."

"சரி, சரி. நல்ல பிள்ளதான்" என்றார். கோபமே படவில்லை. கொல்லத்துக்கு ஒரு கால் புக் பண்ணிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கால் கிடைப்பதற்குள், வேண்டாம் என்று கேன்சல் செய்துவிட்டுக் கிளம்பினார். அந்த இரண்டு மணி நேரமும் நான் தென்காசியோடும் மற்றவர்களோடும் கத்திக் கத்திப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் போனதும் தென்காசிக்காரியிடம் பெருமையடித்துக்கொண்டேன். "வந்தாருட்டி, கேட்டாரு. போயி வேற வேலையப் பாருங்கன்னு அனுப்பிட்டேன்." பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்து, பூட்டியிருக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து சாவி எப்படி இருக்கும் என்று படித்துவிட்டுப் போயிருக்கிறார்.

அடுத்து வந்த புதன்கிழமை. விடாத மழை, லாட்ஜ்களில் கூட்டம், போர்டில் ஒரே நேரத்தில் ஆறு மூடி விழுந்து கிடக்கிறது. அதில் ஒன்று தென்காசி லைன். செருகினேன்.

"தென்காசி பேசுதேன். போன வெள்ளிக்கிழமை உனக்கு வந்த பி.பி. டிக்கெட்டுல மழைத்தண்ணி பட்டு ஊரு அழிஞ்சு போச்சுட்டி. எங்கனயிருந்து வந்துச்சு?"

லைனில் ஒரே இரைச்சல். ஒரு கையால் லாட்ஜுக்கு இணைப்புக் கொடுத்துக்கொண்டே ஊர்ப் பெயரைச் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். முதல் தடவை அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லையாம்.

"சரிட்டி, வைக்கேன்."

அவ்வளவுதான், கால் நிமிஷம்கூட ஆகியிருக்காது. வேலை மும்முரத்தில் மறந்தேபோனேன்.

சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போது ஏதோ உறுத்தியது. பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போதுதான் என்னவென்று பிடிபட்டது. வைக்கேன் என்றாளே. ஆபரேட்டர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டோம். எங்களுக்குத் தலையில் மாட்டிய ஹெட்செட். கையில் ரிசீவர் இருந்தால்தானே வைப்பதற்கு. வீட்டு போனிலிருந்து பேசுகிறவர்கள் சொல்லுகிற வார்த்தை அது. வீட்டு போனிலிருந்து தென்காசியைக் கூப்பிட்டு எங்கள் ஊரைக் கேட்டாலும் அதே மூடிதான் விழும். சே, ஏதோ பேச்சுவாக்கில் வந்திருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலையில் போய் உட்கார்ந்ததும் தென்காசியைக் கூப்பிட்டேன்.

"ஏட்டி, நேத்து அந்த டிக்கெட்டைச் சரி பண்ணிட்டியா?"

"எந்த டிக்கெட்டு?"

"மழைத்தண்ணி பட்டுட்டுன்னு கேட்டியே..."

"நான் எங்கட்டி கேட்டேன்? நேத்து நான் லீவுல்லா. இங்க எந்த டிக்கெட்டும் நனையலையே."

எழுந்து வாசலுக்கு ஓடினேன். எதிர் டீக்கடையில் அண்ணன் தினமும் பேப்பர் படிப்பார். பெஞ்சு காலியாக இருந்தது. "அண்ணாச்சி எங்க?" என்று கேட்டேன். டீக்கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "நேத்து சாயங்காலமே மதுர பஸ்ஸுல போயிட்டாரே. கூட ரெண்டு பேரு."

மதுரைக்கு அப்புறம் ஒரு பஸ், அடிவாரத்திலிருந்து இன்னொரு பஸ். மத்தியானத்துக்குள் மலையேறிவிடுவார்கள். மணி அப்போது ஒன்பது.

தென்காசியிடம் அழுதேன். அவள் ஒரு கேள்வியும் கேட்காமல் திருநெல்வேலியைப் பிடித்தாள். திருநெல்வேலிக்கு மேலே லைன் செத்துக் கிடந்தது. மழை பெய்தால் அப்படித்தான், எங்கேயாவது கம்பி அறுந்துவிடும். பத்து மணி. பத்தரை. லாட்ஜ்காரர்கள் கூப்பிடுகிறார்கள், மூடி மூடியாக விழுகிறது, நான் ஒன்றையும் எடுக்கவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தை நான் பார்த்தே ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கோயில் பிராகாரத்தில் தாவணியோடு பார்த்த முகம்தான் திரும்பத் திரும்ப வந்தது. அவள் தன் ஊரைப் பெற்ற தாயிடம்கூடச் சொல்லவில்லை. எங்களை நம்பித்தான் இருந்தாள்.

பத்தே முக்காலுக்கு மதுரை கிடைத்தது. மதுரை கோவையைக் கொடுத்தாள். பதினோரு மணிக்கு மலையூர்.

"வெள்ளிக்கிழமை பேசுற பொண்ணை உடனே வீட்டை விட்டுக் கிளம்பச் சொல்லுங்க. அண்ணன் வந்துக்கிட்டு இருக்கார். ஊர் தெரிஞ்சு போச்சு" என்று கத்தினேன்.

அவள் நிதானமாகக் கேட்டாள். "நீங்க யாருங்க?"

"நான்தான், ஆபரேட்டர். வாரா வாரம் பேசுறோமே."

"அது சரிங்க. அதை யாரு வேணும்னாலும் சொல்லலாமே. இப்படிச் சொல்லி அந்தப் புள்ளைய வெளிய வரவெச்சுப் புடிக்கப் பாக்கறீங்களோ என்னமோ. எனக்கு எப்படீங்க தெரியும்?"

முந்தின நாள் என் வாயில் வந்திருக்க வேண்டிய கேள்வி. என்னைவிட வயதில் சின்னவளாக இருக்க வேண்டும், குரலைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். அவளுக்கு வந்தது, எனக்கு வரவில்லை. வெட்கத்தைவிடப் பயம்தான் அப்போது பெரிதாக இருந்தது. என்ன சொன்னால் நம்புவாள்? என் பெயர் அவளுக்குத் தெரியாது. என் முகம் தெரியாது. எங்கள் தோரணையில் பேசுவது யாருக்கும் முடிகிற காரியம் என்று தெரிந்துவிட்டது. சட்டென்று ஒன்று தோன்றியது.

"போன வெள்ளிக்கிழமை அஞ்சு நிமிஷம் பேசினாங்க. நான் எச்சரிக்கலை. நீங்க டிக்கெட்டுல மூணுன்னு எழுதினீங்க. எல்லா வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். இது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்."

"நானே போறனுங்க" என்றாள். லைன் அறுந்தது.

மத்தியானம் மூன்று மணி வரைக்கும் நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மூன்று மணிக்குத் தென்காசி மூடி விழுந்தது. மலையூர்.

"போயிட்டாங்க. உடுத்தின துணியோட, ஒரு பொட்டியோட. எந்தப் பக்கம்னு நான் கேக்கலீங்க. நீங்களும் கேக்காதீங்க." அதோடு இன்னொன்றும் சொன்னாள். "நாளைக்கு அம்மாகிட்டச் சொல்லலாம்னு இருந்துச்சாம் அந்தப் புள்ள. நீங்க சொல்லிருங்க. ஆறு மாசமாம்."

அண்ணனும் அவரோடு போனவர்களும் மழையில் பஸ் தாமதப்பட்டு, அன்றைக்குப் பொழுது சாயும்போதுதான் போய் அந்த வீட்டுப் பூட்டை உடைத்திருக்கிறார்கள். உள்ளே அடுப்பில் சோற்றுப் பானை அப்படியே இருந்ததாம். மறுநாள் மலையூர்க்காரிதான் சொன்னாள்.

அந்த வெள்ளிக்கிழமை பெரியம்மா பத்தரைக்கே வந்துவிட்டார். நான் அவருக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன். "இன்னிக்குக் கால் வராது பெரியம்மா. அவங்க வேற ஊருக்கு மாறிட்டாங்களாம். நல்லா இருக்காங்களாம்" என்றேன். ஏன் மாறினார்கள் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பிறகு அந்த விஷயத்தைச் சொன்னேன்.

"ஆறா?" என்றார். விரலை மடக்கி எண்ணினார். "அப்ப புரட்டாசி." எழுந்து கூண்டுக்குள் போய், மணியே அடிக்காத அந்த ரிசீவரைக் கொஞ்ச நேரம் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. போர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அந்தக் கால் வரவே இல்லை. அந்தப் பெண் இனி எந்த லைனை நம்பிப் பேசுவாள்? மலையூரிலும் அவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. ஆனால் பெரியம்மா வந்தார். வாரா வாரம் கோயிலுக்குப் போகும் வழியில் வந்து, பதினொன்றே கால் வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை தூக்குவாளி நிறையச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து வைத்தார். என்ன விசேஷம் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

நான் மாறிப்போனேன். டாக்டர் எங்கே என்று கேட்டால், "தெரியாது, அவங்க வீட்டுல கேட்டுக்கோங்க" என்பேன். அருவியில் தண்ணீர் விழுகிறதா என்றால் லாட்ஜுக்குத்தான் இணைப்பேன். பிள்ளைக்குத் திமிர் வந்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன். தென்காசியே வந்து டிக்கெட் விவரம் கேட்டாலும் லைனைத் துண்டித்துவிட்டு, நானே திரும்பக் கூப்பிட்டுத்தான் சொல்வேன். முதலில் கோபப்பட்டாள். பிறகு அவளும் அப்படியே செய்ய ஆரம்பித்தாள். இதெல்லாம் நல்ல பழக்கங்கள்தான். அந்த ஒரு குரலை இவை திரும்பக் கொண்டுவரவில்லை. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குத் தென்காசி மூடி விழும்போதெல்லாம் முதலில் அதைத்தான் எடுப்பேன். ஏதாவது லாட்ஜில் ரூம் கேட்பார்கள். கூண்டுக்குப் பக்கத்திலிருந்து பெரியம்மா தலையைத் தூக்கிப் பார்ப்பார். நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன்.

எனக்குக் கல்யாணம் ஆயிற்று, ஒரு மகள் பிறந்தாள். எண்பதுகளின் கடைசியில் எங்கள் ஊருக்கு ஆட்டோமேட்டிக் எக்ஸ்சேஞ்ச் வந்தது. இனி ஆபரேட்டர் வேண்டாம், நம்பரைச் சுழற்றினால் நேராகப் போய்விடும். பழைய போர்டைக் கழற்ற ஒரு சனிக்கிழமை நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின நாள் பெரியம்மா வந்தார். முடி நன்றாக நரைத்திருந்தது.

"இனிமே நடுவுல யாரும் இருக்க மாட்டாங்களா?" என்று போர்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

இதற்கு மேல் மறைக்க முடியாது என்று தோன்றியது. அவர் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தென்காசி என்று சொல்லிப் பேசிய குரல், நான் ஊர்ப் பெயரைச் சொன்னது, இரண்டு தடவை சொன்னது எல்லாம். இத்தனை வருடமாக உங்கள் சுண்டலைத் தின்றுகொண்டு வாயை மூடி இருந்தேன் என்று அழுதேன்.

பெரியம்மா என் தலையில் கை வைத்தார். "எனக்குத் தெரியும்ட்டி."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"வெறுங்கையோட வந்தவன் வீட்டுல கெடந்து குதிச்சான்லா. ஆபரேட்டர்காரிதான் ஊரச் சொன்னா, அவளே தப்பிக்கவும் விட்டுட்டான்னு கத்துதான். எம் மருமவதான் உங்கிட்டப் பேசினது. ரெண்டு நாளு அவளுக்குச் சொல்லிக் குடுத்தானாம். மாட்டேன்னு சொன்னா அவளையும் அடிப்பான், அவ என்ன செய்வா."

"தெரிஞ்சுமா பெரியம்மா வாராவாரம் வந்தீங்க? எங்கிட்ட எப்படி வந்து உக்காந்தீங்க?"

"வேற எங்கனட்டி போயி உக்காருவேன்? வீட்டுல அவ பேரையே எடுக்கக் கூடாது. இந்த ஊருல அவ கூப்பிட மாட்டாளான்னு காத்துக் கெடக்குறது நீயும் நானும் மட்டும்தான். அதான் வந்தேன்."

காலையிலிருந்து பெய்த மழை விட்டிருந்தது. பதினொன்றே கால் ஆயிற்று. பெரியம்மா எழுந்து சேலையை உதறிக்கொண்டார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டார்.

"சாப்பிட்டியாட்டி?"

அதன்பிறகு எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. இரண்டு வருடம் கழித்து வந்து விசாரித்தபோது பெரியம்மா இல்லை. கடைசி வரைக்கும் மகள் குரலைக் கேட்டாரா என்று சொல்ல ஆளில்லை.

ஓய்வு பெற்றபின் குத்துக்கல்வலசையில் ஒரு வீடு கட்டிக்கொண்டு இருக்கிறேன். மகள் பெங்களூரில் கம்ப்யூட்டர் பாதுகாப்பு சம்பந்தமான வேலை பார்க்கிறாள். ஒரு கம்பெனியின் தகவலை வெளி ஆட்கள் திருடாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். போன மாதம் அவள் ஆபீசிலேயே ஒருவரை விட்டு, வேறு கிளையிலிருந்து பேசுவதுபோல எல்லாருக்கும் போன் போடச் சொல்லிச் சோதித்தார்களாம். "எவ்வளவு பூட்டுப் போட்டு வெச்சாலும் நம்ம ஆளுங்க நல்ல மனசா எடுத்துக் குடுத்துடுறாங்கம்மா. உனக்கு இதெல்லாம் புரியாது" என்றாள். புரியும் தாயே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அன்றைக்குத்தான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

அவளுக்கு என்மேல் ஒரு குறை உண்டு. எல்லார் அம்மாவும் போனை எடுத்ததும் எங்கே இருக்கிறாய் என்றுதான் கேட்பார்களாம், நான் மட்டும் கேட்பதே இல்லையாம். உண்மைதான். என்னால் அந்தக் கேள்வியைக் கேட்க முடிவதில்லை. புரட்டாசியில் பிறந்த அந்தப் பிள்ளைக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், அதன் அம்மாவுக்கு என் வயது. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன் அடித்தால் இன்றைக்கும் முதல் மணியிலேயே எடுத்து, யார், எந்த ஊர் என்று கேட்காமல், சாப்பிட்டியாட்டி என்றுதான் கேட்கிறேன்.